மணிக்கு பில் இருக்கா?

டிஸ்கி: இதில் வரும் கட்சிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெயரும் கிடையாது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, அது போதும். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், நாலு வீட்டில் சாப்பிடணும் :-)

மக்களே, எங்கள் குடும்பத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஓட்டுப் போடுவோம், விரலில் மை சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்போம், வீட்டுக்கு வந்து டிவி போடுவோம். அப்பா யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்கே தெரியாது. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் அப்படித்தான் இருக்கணும் என்பது அவர் கொள்கை. எல்லாக் கட்சிக்காரனும்தானே ஆணி வாங்க வருகிறான்! அப்பேர்ப்பட்ட வீட்டுத் திண்ணையில் 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் மூன்று கட்சி ஆட்கள் தனித்தனியாக வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். காரணம் ஒரு கிளி.

கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்காதீங்க. இது ஆப்பிரிக்கன் கிரே. உடம்பு சாம்பல், வால் மட்டும் சிவப்பு, பார்வை வட்டிக்கடைக்காரர் பார்வை. பெயர் மணி. பெரியப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து 2017இல் ரிடையர் ஆனார். வந்த பணத்தில் 35,000 ரூபாய் கொடுத்து கோயமுத்தூரில் ஒருவரிடம் இதைக் குஞ்சாக வாங்கி வந்தார். பெரியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வாஷிங் மெஷின் கேட்டவருக்குக் கிளி வந்தால் யார்தான் பேசுவார்கள்? பில் எல்லாம் கிடையாது. என்னென்ன தீனி, எத்தனை வேளை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார் விற்றவர். அந்தக் காகிதமும் எங்கேயோ போய்விட்டது.

ஒரு வருடம் மணி வாயே திறக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது பாருங்க... முதலில் குக்கர் விசில். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வாசல். மூணு விசில் என்று அம்மா அடுப்பை அணைப்பார், அதில் ரெண்டு மணியோடது. எத்தனை நாள் அரைவேக்காட்டுப் பருப்பு சாப்பிட்டோம் என்று கணக்கே இல்லை. அடுத்து பெரியப்பாவின் டிவிஎஸ் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் திணறும் சத்தம். அதற்கும் அடுத்தது ஆத்தாவின் குரல்.

எங்கள் அத்தை பெயர் சரஸ்வதி. ரெண்டு தெரு தள்ளி வீடு. தினமும் சாயங்காலம் வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆத்தா உள்ளேயிருந்தே "சரசூ... வந்துட்டியா சாமி" என்று இழுக்கும். மணி அதை அந்த இழுப்போடு, கடைசியில் வரும் சின்ன இருமலோடு பிடித்துக்கொண்டது. ஆத்தா 2021 மே மாதம், கொரோனா ரெண்டாவது அலையில் போய்விட்டது. செல்போனைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்கிற ஆள், அதனால் ஒரு வீடியோவில்கூட ஆத்தா பேசியதில்லை. அந்தக் குரல் இப்போது இருப்பது மணியிடம் மட்டும்தான். இதைச் சொல்லிவிட்டால், பெரியப்பா ஏன் அப்படி அலைந்தார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும், மீதிக்கு நான் மூக்கைச் சிந்தத் தேவையில்லை.

இனி கொஞ்சம் சட்டம். போரடித்தால் தாண்டிப் போங்க. காமர்ஸ் மக்கள் மட்டும் தாண்டாதீங்க, நம்ம ஏரியா வருது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு உயிரினங்களுக்கானது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டுப் பறவை, பல்லி, பாம்பு எதுவும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வராமல் இருந்தது. பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டினால் கஸ்டம்ஸ் கேஸ். மாட்டாமல் வெளியே வந்துவிட்டால்? கடைக்கு வந்துவிட்ட சரக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்க ஆளில்லை. ஆக, நம்ம ஊர் வேப்பமரத்துக் கிளியை வளர்த்தால் குற்றவாளி, காங்கோ காட்டுக் கிளியை வளர்த்தால் பறவை ஆர்வலர். ரொம்ப வருடம் இப்படித்தான் ஓடியது.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே வந்து சொன்னால் போதும், காகிதம் எதுவும் கேட்க மாட்டோம் என்று. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்கம் டாக்ஸ் பேப்பரில் வருமே, 1997இல் ப.சிதம்பரம் கொண்டுவந்த தானாக முன்வந்து வருமானத்தை அறிவிக்கும் திட்டம். முப்பது சதவீத வரியைக் கட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம் என்ற கதை. அதே சூத்திரம், கறுப்புப் பணத்துக்குப் பதில் சாம்பல் கிளி. வித்தியாசம் என்னவென்றால் பணக்காரர்களுக்கு ஆடிட்டர் இருந்தார், தேதி முடிவதற்குள் போன் பண்ணிச் சொன்னார். 2020 ஜூனில் எங்கள் ஊரில் மாஸ்க் எங்கே கிடைக்கும் என்பதுதான் செய்தி. அந்த ஆறு மாதம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அப்புறம் 2022 டிசம்பரில் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். சைட்டிஸ் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, அழியக்கூடிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது. இந்தியா அதில் 1976இலேயே சேர்ந்தாச்சு. அந்தப் பட்டியல் முழுவதும் இப்போது நம் சட்டத்தின் நாலாவது அட்டவணை. அதில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆகணும். பொதுவான அபராதத்தின் உச்சவரம்பும் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக ஏறியது. பதிவு எப்படி என்ற விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வந்தன. ஆறு மாதம் கெடு, பரிவேஷ் 2.0 என்ற இணையதளம், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பம். குட்டி போட்டால் சொல்லணும், செத்தால் சொல்லணும், கைமாற்றினால் சொல்லணும். ஸ்டாக் ரிஜிஸ்டர்தான், வேறென்ன.

இதில் ஒரு வேடிக்கை. கிளிக் கூட்டம் மொத்தமும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது, நாலு இனம் மட்டும் விலக்கு. நம் வீடுகளில் லவ் பேர்ட்ஸ் என்று கத்திக்கொண்டிருக்குமே பட்ஜி, அது அந்த விலக்கில் வரும். காக்டீலும் வரும். நிஜமான லவ் பேர்டில் ஒரு வகைக்கு விலக்கு, ஃபிஷர் என்கிற இன்னொரு வகைக்குப் பதிவு கட்டாயம். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருக்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பறவைக்கடை அண்ணனுக்கு இதை நான் விளக்கியபோது, "அம்முணி, இதுக்கு நீ என்னையப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருக்கலாம்" என்றார்.

2024 மார்ச் ரெண்டாவது வாரம் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக் கிளி வளர்த்தால் ஏழு வருடம் உள்ளே, வீடு வீடாக வரப் போகிறார்கள், இத்யாதி. யார் குரல் என்று தெரியாது. ஆனால் தெளிவான குரல், நம்பிவிட்டார்கள். அப்போது நான் பி.காம் முதலாண்டு. ஹாஸ்டலுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பெரியப்பா போன். "கண்ணு, மணிக்கு பில் இருக்கான்னு கேக்கறாங்களாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பறவைக்கடை மொட்டைமாடியில் கூட்டம். கிரே வைத்திருப்பவர், சன் கான்யூர் ஜோடி வைத்திருப்பவர், இக்வானா வளர்க்கும் ஒரு டிப்ளமோ பையன் என்று மொத்தம் பதினாலு வீடு. எல்லாருக்கும் பயம் ஒன்றுதான். பில் இல்லாமல் பதிந்தால், நம் கையால் நாமே எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுமோ? பதியாமல் விட்டால் எப்படியும் குற்றம். முன்னால் போனால் முட்டுது, பின்னால் போனால் உதைக்குது.

மனு எழுதும் வேலை என் தலையில். கம்ப்யூட்டர் தெரிந்த புள்ளையாம். முதல் கோரிக்கையாக "இந்தச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும்" என்று போடச் சொன்னார்கள். நான் அதை எழுத மாட்டேன் என்றேன். மொட்டைமாடியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் சொன்னது இதுதான். ஆப்பிரிக்கன் கிரே 2017 ஜனவரி முதல் சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது, வியாபாரமே கூடாது என்கிற கடுமையான பட்டியல். கானா நாட்டில் 1990களின் தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காணாமல் போய்விட்டது. பெரிய காரணம், பிடித்து விற்றதுதான். ஒரு பறவை உயிரோடு கடைக்கு வந்து சேர, வழியில் பெட்டியிலேயே சாகிறவை பல. சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் குரங்குக்குட்டிகளையும் பாம்புக்குட்டிகளையும் பேப்பரில் நாமே பார்க்கிறோம். ரத்து செய் என்று கேட்டால் நாம் அந்தப் பெட்டிக்காரனுக்காகப் பேசுகிறோம். நம் பிரச்சனை அது கிடையாது, நம் பிரச்சனை பில்.

பெரியப்பா எழுந்து, "நம்ம மணி ஆப்பிரிக்காவக் கண்ணுலயே பாத்ததில்ல. கோயமுத்தூர்ல பொறந்தது" என்றார். அதை எப்படி நிரூபிப்பீங்க பெரியப்பா என்றேன். யாரும் பேசவில்லை. அப்போதுதான் பறவைக்கடை அண்ணன் மணியின் காலைக் காட்டினார். மூடிய வளையம். இணைப்பே இல்லாத அலுமினிய வளையம், மேலே எண். குஞ்சு பொரித்துச் சில நாட்களுக்குள், கால் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும்போது மாட்டினால்தான் மாட்ட முடியும். வளர்ந்தபின் ஏறவும் ஏறாது, கழற்றவும் முடியாது. ஆக இது கூட்டில் மனிதர் கையில் பொரித்த குஞ்சு என்பதற்கு அந்த வளையமே ஒரு சாட்சி. ஏழு வருடமாக அதைப் பெரியப்பா கொலுசு என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

கடைசியில் மூன்று கோரிக்கைகள். கெடுவை நீட்டிக்க வேண்டும். பில் இல்லாதவர்களுக்கு வளையம், கால்நடை மருத்துவர் சான்று, பழைய போட்டோ இவற்றை ஆதாரமாக ஏற்க வேண்டும். தாலுகா அளவில் ஒரு முகாம் போட வேண்டும், ஏனென்றால் பதினாலு பேரில் ஒன்பது பேருக்கு ஈமெயில் கிடையாது. மனு ரெடி.

மத்திய அரசு விதி என்பதால் எம்.பி.யைப் பார்க்கணும். ஆனால் மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டன. எம்.பி. இல்லை, வேட்பாளர்கள்தான் உண்டு. அது ஒரு வகையில் நல்லதாகவே பட்டது. ஜெயித்தபின் தேடிப் போக வேண்டியவர்கள் தேடி வருகிற காலம் அல்லவா.

முதலில் வந்தவர்கள் மனுவைப் படிக்கவே இல்லை. "மொத்தம் எத்தன ஓட்டுங்க?" என்றார்கள். பெரியப்பா அறுபது என்றார். நான் எண்ணிப் பார்த்தது நாற்பத்தேழு. அறுபது என்றதற்கே அவர்கள் முகத்தில் பெரிய மாற்றமில்லை. ரெண்டாவது கட்சியிலிருந்து வந்தவர் படித்தார், வளையத்தைக்கூடக் குனிந்து பார்த்தார், "டெல்லியில பேசறோம்" என்றார். பேச அவரிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் படித்தாரே, அதற்கே பெரியம்மா அவருக்கு முறுக்கு கொடுத்தார். மூன்றாவது ஆள் விவரமானவர். "பறவையோட ஆபீசுக்கு வாங்க, வேட்பாளரோட ஒரு போட்டோ போட்டுடலாம், செய்தி பரவும்."

வாடகைக் காரில் கூண்டோடு கிளம்பினார்கள். பெரியப்பா, பெரியம்மா, பின்சீட்டில் மடியில் கூண்டோடு நான். ஊர் எல்லையில் தேர்தல் பறக்கும் படை நிறுத்தியது. (ஆமாம், பறக்கும் படைதான். எத்தனை ஜோக் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்க, நாங்க எல்லாத்தையும் அடிச்சாச்சு.) 50,000 ரூபாய்க்கு மேல் பணம் இருந்தால் கணக்கு காட்டணும், அதற்கான சோதனை. அதிகாரி ஜன்னலில் குனிந்து, "டாக்குமெண்ட் இருக்குங்களா?" என்றார். அவர் கேட்டது வண்டியின் டாக்குமெண்ட். பெரியப்பா கேட்டுக்கொண்டது மணியின் டாக்குமெண்ட். நாற்பது வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனுசன், அன்றைக்கு அவர் சட்டை நனைந்ததை முதுகுப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மணி குக்கர் விசில் அடித்தது. அதிகாரி சிரித்துவிட்டு, "போங்க" என்றார்.

போட்டோ எடுத்தார்கள். வேட்பாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பக்கத்திலிருந்த ஒருத்தர் கட்சித் துண்டை எடுத்துக் கூண்டின் மேல் போர்த்தினார். பெரியம்மா அதை எடுக்கச் சொல்லி என்னிடம் கண்ணால் சொன்னார், நான் எடுப்பதற்குள் நாலு கிளிக். சாயங்காலத்துக்குள் அது மாவட்டம் முழுக்கப் போய்விட்டது.

இங்கேதான் விஷயம் சிரிப்பை விட்டுப் போனது. சரசு அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, எதிர்க்கட்சியின் வார்டு செயலாளர். இருபது வருடமாக அந்த வார்டில் அவர்தான் கொடி கட்டுகிறார். மச்சான் வீட்டுக் கிளி எதிரி கட்சித் துண்டோடு நிற்பதை அவர் தலைவரே போன் பண்ணிக் கேட்டாராம். மாமா அன்று ராத்திரி வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை. "ஏனுங்க மச்சான், என்ரகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா?" பெரியப்பா, "உங்ககிட்டத்தான் மொதல்ல மனு குடுத்தேன், படிச்சீங்களா மாப்ள?" என்றார். அதுவும் உண்மை. முதலில் வந்து எத்தனை ஓட்டு என்று கேட்டவர்களில் மாமாவும் ஒருவர். ரெண்டு பேரும் அதற்குமேல் சொன்னது இங்கே வேண்டாம். மறுநாள் சாயங்காலம் அத்தை வரவில்லை. மணி மட்டும் வழக்கம்போல ஐந்தரைக்கு "சரசூ... வந்துட்டியா சாமி" என்றது. பெரியம்மா கூண்டின் மேல் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரலில் கடலூர் விவகாரம் வந்தது, ஞாபகம் இருக்கும். பா.ம.க. வேட்பாளர் இயக்குநர் தங்கர் பச்சான் பிரச்சாரத்தின் நடுவே கிளி ஜோசியம் பார்த்தார், கிளி நல்ல சீட்டாக எடுத்துக் கொடுத்தது, அடுத்து வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது. பிறகு எச்சரித்து விட்டுவிட்டார்கள். அன்புமணி கண்டித்து அறிக்கை விட்டார். (ஜோசியம் பலிக்கவில்லை என்பது ஜூன் 4 அன்று தெரிந்தது.) அது பச்சைக்கிளி, 1972 சட்டம், வேறு கதை என்று எங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் விளக்கி எனக்குத் தொண்டை போச்சு. யார் கேட்கிறார்கள்? முந்தின வருடம் உத்தரப்பிரதேசத்தில் அமேதிப் பக்கம் ஒருவர் காப்பாற்றி வளர்த்த சாரஸ் கொக்கை அகிலேஷ் யாதவ் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார், அதே மாதம் வனத்துறை கொக்கைக் கொண்டுபோய்க் கடைசியில் கான்பூர் மிருகக்காட்சி சாலையில் விட்டது. இதையும் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். ரெண்டு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். தலைவர்கள் வந்து பார்த்த பறவைக்கு என்ன ஆகிறது என்று பெரியம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19 ஓட்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் போட்டோம். யாருக்கு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் இந்த முறை அந்தக் கேட்காமை பழைய கேட்காமை மாதிரி இல்லை.

ஜூனுக்குப் பிறகு மூன்று கட்சி ஆட்களும் போனை எடுக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் பெரிதாக இல்லை. நாற்பத்தேழு ஓட்டுக்கு டெல்லியில் விதி மாறாது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கும் சரிதான். ஜூலையில் நானே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஓடிபி வராமல் மூன்று நாள், வந்தபின் போட்டோ சைஸ் பெரிது என்று ஒரு நாள். ஆதாரம் என்ற இடத்தில் வளையத்தின் குளோசப், கால்நடை மருத்துவர் கடிதம், 2018 பொங்கலுக்கு எடுத்த குடும்பப் போட்டோவில் ஓரமாகத் தெரியும் மணி. எப்படிக் கிடைத்தது என்பதற்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன்: வாங்கியது, தொகை, பில் தரப்படவில்லை. பெரியப்பா அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டு, "சரி, அனுப்பு கண்ணு" என்றார்.

பதினாலில் ஒன்பது பேருக்கு நான் போட்டுக் கொடுத்தேன். மூன்று பேர் கெடு வருவதற்குள் விற்றுவிட்டார்கள், யாருக்கு என்று சொல்லவில்லை. ஒருவர் கடைசிவரை, "வந்தா பாத்துக்கலாம்" என்றார். இன்னொருவர், சன் கான்யூர் ஜோடிக்காரர், ஆகஸ்ட் மாதம் ஒரு விடிகாலையில் கூண்டைத் திறந்து விட்டுவிட்டார். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்தார். தென்னமெரிக்கப் பறவை, பிறந்ததிலிருந்து கூண்டு, இரை தேடத் தெரியாது, காக்கையைக் கண்டால் ஒளியத் தெரியாது. மஞ்சளும் ஆரஞ்சுமாக அவ்வளவு கலர் வேறு. ஏழு மணிக்குள் காக்கைகள் சூழ்ந்துகொண்டன. ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மர் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஆபீசுக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லி, பழைய கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டு போவதற்குள் அது கீழே கிடந்தது. துண்டில் சுற்றி எடுத்து வந்து கொய்யாமரத்தடியில் புதைத்தார். அன்றைக்கு மணிக்குத் தீனி வைக்கும்போது ஒன்றும் பேசவில்லை.

நான் மொட்டைமாடியில் பேசியதை இப்போது கேட்டாலும் மாற்ற மாட்டேன், சட்டம் வேண்டும். ஆனால் தாலுகாவில் ஒரு முகாம், ஒரு மேசை, படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த ஜோடி இன்றைக்கும் ஏதோ ஒரு வராண்டாவில் கத்திக்கொண்டிருக்கும். அந்த மூன்றாவது கோரிக்கைக்குப் பெரிய செலவுகூடக் கிடையாது.

அதே வருடம் அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டில் வளர்த்த அணிலையும் ரக்கூனையும் அதிகாரிகள் கொண்டுபோய், ரேபிஸ் சோதனைக்காகக் கொன்றுவிட்டார்கள். சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. ஒரு வாரத்தில் அதிபர் தேர்தல், அணில் பெரிய பிரச்சாரப் பொருளாகிவிட்டது. செய்தியைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "அவிங்களுக்கு எத்தன ஓட்டாம்?" என்றார். அரசியல் கற்றுக்கொண்டுவிட்டார் மனுசன்.

நிஜமாகக் கற்றுக்கொண்டது பெரியம்மா. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து மணியைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தபோது பேசியதெல்லாம் அவர்தான். பிற்பாடு சான்றிதழ் வந்ததும் மற்ற எட்டு வீட்டுக்கும் என்ன ஆச்சு என்று மாவட்ட அலுவலகத்துக்கே பஸ் ஏறிப் போய் விசாரித்தார். அங்கே காத்திருக்கும்போது முதியோர் பென்சன் மனு ரெண்டு, பட்டா மனு ஒன்று எழுத வழி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்போது காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் எப்போதும் நாலு பேர். அடுத்த பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் வார்டானால் நிற்கச் சொல்லி ரெண்டு கட்சியில் கேட்டாயிற்று. அதில் ஒன்று மாமாவின் கட்சி. பெரியம்மா பிடி கொடுக்கவில்லை, "துண்டு போடாம நின்னா நிக்கறேன்" என்கிறார். அப்பாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது, ஆணி வியாபாரம் என்னாகும் என்று.

மாமாவும் பெரியப்பாவும் கல்யாண வீடுகளில் பார்த்தால், "வாங்க" என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். அத்தை இன்னும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. போன மாதம் எனக்குப் போன் பண்ணினார், ஹாஸ்டல் சாப்பாடு பற்றியெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "கண்ணு, அது பேசறத ஒருக்கா போன்ல புடிச்சு அனுப்பறியா" என்றார். சனிக்கிழமை ஊருக்குப் போய், கூண்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். குக்கர் விசில், வண்டிச் சத்தம், மறுபடி குக்கர் விசில். அப்படியே அனுப்பினேன். அத்தையிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

அதில் பதினேழாவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை "சரசூ" வருகிறது. அதுவரை கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.